சாயாத கோச்

சிப்பிமுனையில ஒரு கோச்சை வேலையை விட்டு அனுப்பினா காலேஜ் மைதானம் ஒரு ஆள் உயரத்துக்குச் சாயும். வெளியூர்ல இதைச் சொன்னா வாயைப் பொளந்து நிப்பாங்க. உள்ளூர்ல சொன்னா, "வெறும் ஆள் இல்லம்மா, தலைப்பாக்கட்டோட ஒரு ஆள்"னு திருத்துவாங்க. அவ்வளவுதான் அவங்களுக்கு அதுல இருந்த ஆச்சரியம். நான் அந்த ஊருக்கு ஏழாவது கோச்சோட பொண்டாட்டியாப் போய் எறங்குனவ. எம்பேரு ரெஜினா. அந்த ஊரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை கேக்கணும்னு உக்காந்திருந்தா இப்பவே எந்திரிச்சுப் போயிருங்க, எனக்கு அதை நெனைச்சாலே குமட்டிக்கிட்டு வருது.

என் வீட்டுக்காரர் பேரு கில்பர்ட். பாளையங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல பி.டி. மாஸ்டர், நிரந்தர வேலை. நாப்பத்தாறு வயசு வரைக்கும் எட்டாங்கிளாஸ் பயலுவளை வரிசையில நிக்க வச்சுக்கிட்டு இருந்த மனுசனுக்கு, சாகுறதுக்குள்ள ஒரு காலேஜ் புட்பால் டீமைக் கையில வாங்கி, யாரும் இடையில பிடுங்காம மூணே வருசம் வளத்துப் பாக்கணும்னு ஒரே ஒரு ஆசை. கல்யாணம் ஆன புதுசுலயே சொன்னாரு. குடியில்ல, சீட்டாட்டமில்ல, பந்துதானேன்னு நானும் விட்டுட்டேன். அந்த ஆசைக்காகத்தான் இருந்த வேலையை எழுதிக்குடுத்துட்டு, சட்டிபானையைக் கட்டிக்கிட்டுச் சிப்பிமுனைக்கு வந்தோம். இது போனா அந்த வயசுல வேற ஒருத்தனும் அவரைக் கூப்பிடப் போறதில்லைன்னு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பஸ் ஸ்டாண்டுலயே மேளம். தேங்கா நாரு உரசுற மாலை, பொன்னாடை, வெடி. காலேஜ் வாசல்ல ஆளுயர பிளெக்ஸ் போர்டு, 'கால்பந்தின் விடிவெள்ளியே வருக வருக'ன்னு. அதுல என் வீட்டுக்காரரு கோட்டு சூட்டு போட்டு, ரெண்டு கையாலயும் தங்கக் கப்பைத் தூக்கிக்கிட்டு நிக்குறாரு. அவருக்கு ஏது கோட்டு? பக்கத்துல போய்ப் பாத்தா கழுத்து வேற ஒருத்தன் கழுத்து, கறுப்பா, தடியா இருக்கு. விசாரிச்சா, அது முதல் கோச்சோட ஒடம்பாம். ஒவ்வொரு தடவையும் தலையை மட்டும் மாத்திக்கிடுவாங்களாம். இதை ஒளிவு மறைவு இல்லாம, டீயை ஆத்திக்கிட்டே சொன்னாங்க.

நேர்முகத் தேர்வுக்கு வந்தப்பவே அவரு மறைக்காமத்தான் பேசியிருக்காரு. "லீக்ல பன்னெண்டு காலேஜ் இருக்கு. நீங்க கடைசி. மத்த காலேஜுல ஹாஸ்டல் இருக்கு, முட்டை கறி போடுறான், நல்ல பூட்ஸ் வாங்கிக் குடுக்கான். நம்ம பயலுவ சனி ஞாயிறு உப்பளத்துக்கும் மீன்பிடி வள்ளத்துக்கும் போயிட்டுத் திங்கக்கெழமை காலு நடுங்க வந்து நிக்கான். மூணு வருசம் குடுங்க, ஆறாவது எடத்துக்குக் கொண்டு வாரேன். ஆறாவது வந்த பொறவு நாலாவதைப் பத்திப் பேசலாம்"ன்னாராம். எல்லாரும் கைதட்டுனாங்களாம். என்னா தன்னடக்கம்னு ஒருத்தர் கண்ணைத் தொடைச்சாராம். அவரு சொன்னதை அப்படியே அர்த்தம் பண்ணிக்கிட்டவன் அந்த அறையில ஒருத்தன் கூட இல்லை.

கைதட்டலைத் தொடங்கி வச்சது கொர்னேலி அண்ணாச்சி. பழைய மாணவர் சங்கத் தலைவர், லாரி கம்பெனி முதலாளி, அந்த ஊர்ல அவரு தும்மினா ஊரே கர்சீப் எடுக்கும். முப்பது வருசத்துக்கு முன்ன சிப்பிமுனை காலேஜ் ஒரே ஒரு தடவை கப்பு ஜெயிச்சிருக்கு. அந்த டீம்ல அண்ணாச்சி மாத்து ஆட்டக்காரர். எப்படி ஜெயிச்சாங்கன்னு கேளுங்க. அந்த வருசம் பெருவெள்ளம். அரையிறுதிக்கு வரவேண்டியவன் பஸ்ஸு ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்னுபோச்சு, இறுதி ஆட்டத்துக்கு வரவேண்டியவன் ஊரே முங்கிப் போச்சு. மைதானத்துல நம்ம பதினோரு பேரும் ரெபரியும் மட்டும் நின்னு, வராதவனுக்காகக் கொஞ்ச நேரம் காத்துக் கெடந்துட்டு, கப்பை வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க. அந்தக் கப்பை வச்சுக்கிட்டுத்தான், "நாம சாம்பியன் காலேஜ், நம்ம எடம் அது, கொண்டுபோய் வைக்கிறதுக்குச் சரியான கோச் மட்டும் அமையலை"ன்னு முப்பது வருசமா அந்த ஊர்க்காரன் பேசுறான், பேசுறான், பேசிக்கிட்டே இருக்கான். கருமம்.

மைதானம் முதல் தடவை சாஞ்சது, ஏழெட்டு வருசத்துக்கு முன்ன, சம்பளம் குடுத்து வச்ச முதல் கோச்சை அனுப்புன அன்னைக்கு. அவரு சாமான் ஏத்துன வண்டி ஊர் எல்லையைத் தாண்டவும், மாதா கோயில் பக்கத்துக் கோடு மெதுவா எந்திரிச்சு, கடல் பக்கத்துக் கோடு தாந்து, மேய்ஞ்சுக்கிட்டு இருந்த ஆடு ரெண்டு பேந்த பேந்த முழிச்சுக்கிட்டே கீழே நடந்து போச்சாம். ரெண்டாவது கோச்சை அனுப்ப இன்னொரு ஆள் உயரம், மூணாவதுக்கு இன்னொண்ணு. இதுல கூத்து என்னன்னா, மேச்சு நடக்கும்போது நம்ம பயலுவ நிக்குற பக்கம் எதுவோ அதுதான் பள்ளம். இடைவேளையில ரெண்டு டீமும் பக்கம் மாறுவான்ல, அப்ப மைதானமும் தூக்கத்துல பொரண்டு படுக்குறவன் மாதிரி ஒரு மொனகலோட அந்தப் பக்கம் சாஞ்சிரும். சுண்டல் விக்கிறவரு விசில் ஊதுறதுக்கு முன்னாடியே தூக்குவாளியைக் கையில எடுத்து வச்சுக்கிடுவாரு. மத்த காலேஜுக்காரன் எவனும் எங்க ஊருக்கு வாங்கன்னு நம்மளைக் கூப்பிடமாட்டான், நாங்களே வாரோம்னு பஸ்ஸைப் பிடிச்சு ஓடி வருவான். அதைப் போய் அந்த ஊர்க்காரனுவ, பாத்தியா நம்ம மைதானத்துக்கு இருக்க மவுசைன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டு அலைஞ்சாங்க.

ஊரு அதுக்குப் பழகிக்கிட்ட லட்சணத்தைப் பாக்கணுமே. பந்தல் வாடகைக்குக் குடுக்குறவன் பின்னங்கால் ரெண்டையும் அறுத்த நாற்காலி தனியா வச்சிருந்தான், மைதானத்துல உக்காரணும்னா அதைத்தான் எடுக்கணும். டிரைவிங் ஸ்கூல்காரன் மேட்டுல வண்டியை நிறுத்தி எடுக்குற பயிற்சியை அங்கேயே வச்சுக்கிட்டு, 'இயற்கைச் சரிவில் பயிற்சி'ன்னு போர்டு மாட்டியிருந்தான். மேச்சு இல்லாத நாள்ல பொம்பளைங்க மேட்டுப்பக்கம் கருவாடு காயப்போட்டாங்க, உப்புத்தண்ணி தானா வடிஞ்சு கீழ போயிரும், ஈ கூட ஒக்காராது. என் பக்கத்து வீட்டு செல்லக்கனி அக்காவுக்கு அதுதான் பொழப்பே. எஞ்சினியர் ஒருத்தர் வந்து ரசமட்டத்தை வச்சுப் பாத்துட்டு, குமிழி ஒரு மூலையில போய் ஒட்டிக்கிட்டதைப் பாத்து, ரசமட்டம் கெட்டுப்போச்சுன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டுப் போயிட்டாராம். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பாக்க வாரவங்க கூட, பையன் மைதானத்துல ஏறுவானா எறங்குவானான்னு கேக்குற அளவுக்கு அது ஊரோட ஒட்டிப்போச்சு.

சரி, கோச்சை அனுப்புறதாலதான் சாயுதுன்னு அவங்களுக்குத் தெரியாதான்னு கேப்பீங்க. அதான் வயித்தெரிச்சல். எல்லாருக்கும் தெரியும். வந்த புதுசுல நான் கொர்னேலி அண்ணாச்சிகிட்டயே நேருக்கு நேரா கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் அண்ணாச்சி அனுப்புறீங்க?"

அவரு என்னைப் பாவமாப் பாத்தாரு. "தங்கச்சி, நல்லா யோசிச்சுப் பாருங்க. சரியில்லாத கோச்சை அனுப்புறோம், சாயுது. சரியான கோச்சா இருந்தா அனுப்பும்போது சாயுமா? சாயாதுல்ல? நாங்க தேடுறது அந்தச் சாயாத கோச்சை."

"அப்போ ஒருத்தர் சரியான ஆளான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"அனுப்பிப் பாத்தாத்தானே தெரியும்?"

சுத்தி நின்ன அத்தனை பேரும், அதுல ரெண்டு புரொபசரும் உண்டு, ஆமா ஆமான்னு தலையாட்டுனான். வீட்டுக்கு வந்து அவருகிட்ட, "ஏங்க, இது பைத்தியக்கார ஊரு, இப்பவே கெளம்பிருவோம்"ன்னேன். அவரு தரையில உக்காந்து பந்துக்குக் காத்தடிச்சுக்கிட்டே, "பயலுவ நல்ல பயலுவ ரெஜி"ன்னாரு.

பயலுவ நல்ல பயலுவதான், அதை நான் இல்லைங்கலை. ஆனா அதுவரைக்கும் வந்த கோச்சு எல்லாரும், எப்போ அனுப்புவாங்களோன்னு பயந்துக்கிட்டு, முதல் நாளே, 'பந்தைத் தூக்கி அடி, மேல அடி, இப்பவே கோல் போடு'ன்னு கத்தியிருக்காங்க. மேட்டைப் பாத்துத் தூக்கி அடிச்ச பந்து என்ன செய்யும்? விழுந்து உருண்டு நம்ம கோலுக்கே வரும். இவரு வந்து, "தூக்கி அடிக்காதல. காலுக்குக் காலு குடு. பந்து கீழ உருண்டா பதறாத, பாதத்தால அமுக்கிப் பிடி, குதிகாலை மண்ணுல ஊணு, மூச்சு வாங்கு, பொறவு ஏறு"ன்னு அதையே சொன்னாரு. விடிஞ்சா அதையேதான் சொன்னாரு, மழை பேஞ்சாலும் அதையேதான் சொன்னாரு, எனக்கே சோறு பொங்கையில அது வாயில வந்துச்சு. முதல் வருசம் ஒன்பது கோல் வாங்கித் தோத்தவன் அஞ்சு வாங்குனான், அஞ்சு வாங்குனவன் மூணு வாங்குனான். கேப்டன் மிக்கேல், வள்ளத்துக்குப் போற பய, ஒரு மேச்சுல ஒரே கோல்ல தோத்துட்டு வந்து எங்க வீட்டு வாசல்ல உக்காந்து சந்தோசத்துல அழுதான். அந்த வருசமும் கடைசி எடம்தான். ஆனா பதினோராவது டீமுக்கும் நமக்கும் நடுவுல ரெண்டே புள்ளிதான் வித்தியாசம்.

அந்த வருசக் கடைசியில அவரை அனுப்பியிருக்கணும். அடுத்த கோச்சை வரவேற்க மேளத்துக்குக் கூடச் சொல்லியாச்சு. அனுப்பாம விட்டது பெருந்தன்மையில இல்லை. கொர்னேலி அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்து மதுரையில ஆபரேசன். கூட்டம் போடணும்னா அவருதான் கூப்பிடணும், அவரு ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட படுத்துட்டாரு. வேற எவனுக்கும் கோச்சை அனுப்புற அதிகாரம் இல்லை. இப்படித்தான், சிப்பிமுனை காலேஜ் வரலாத்துலயே முதல் தடவையா, ஒரு கோச் ரெண்டாவது வருசத்துக்குள்ள நுழைஞ்சாரு.

மைதானம் எறங்கத் தொடங்குனது அப்பதான். யாரும் எதிர்பாக்கலை. மண்ணுக்கு அடியில யாரோ பெருமூச்சு விடுற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா மேட்டுப்பக்கம் தாந்துக்கிட்டே வந்துச்சு. தோத்தாலும் தாந்துச்சு, ஜெயிச்சாலும் தாந்துச்சு, அவரு காலையில போய் நின்னு விசில் ஊதுனாப் போதும். பயலுவ மேட்டுல ஏறியே பழகுனவனுவளா, தரை சமமாக சமமாக அவனுவ காலுக்கு எறக்கை மொளைச்ச மாதிரி ஆயிருச்சு. மூணு மேச்சு ஜெயிச்சான். நாலாவதையும் ஜெயிச்சான். வெளியூர்க்காரன் வந்து எறங்கி, மைதானத்தைப் பாத்துட்டு, எங்கவே உங்க பள்ளம்னு கேட்டு ஏமாந்து போனான்.

ஊரு சந்தோசப்பட்டுச்சுன்னு நெனைப்பீங்க. தூ! வரிசையா எங்க வீட்டு வாசலுக்கு வந்தாங்க, எல்லாம் குறை சொல்லத்தான். டிரைவிங் ஸ்கூல்காரன் வந்தான், சரிவு போச்சு, லைசென்சு டெஸ்டுல என் ஆளுக தோக்குறான்னு. பந்தல்காரன் வந்தான், கால் அறுத்த நாற்காலியை இப்ப எவன் எடுப்பான்னு. செல்லக்கனி அக்கா வரலை. அவ கருவாட்டுல உப்புத்தண்ணி தேங்கி நாத்தம் எடுத்துச்சு, பாதியைக் கொண்டுபோய்க் கொட்டுனா, இருந்தும் வாயைத் தொறக்கலை. ஒரு நாள் சாளை மீனு கொஞ்சம் கொண்டாந்து குடுத்துட்டு, "உம் புருசன் நெசமாவே நல்ல கோச்சுதாம்ட்டி, எனக்குத் தெரியும்"னு மட்டும் சொல்லிட்டுப் போனா. அந்த ஊர்லயே நான் மனுசின்னு மதிச்சது அவ ஒருத்தியைத்தான்.

அந்த வருசம் லீக் முடிஞ்சப்ப சிப்பிமுனை ஆறாவது எடம். மூணு வருசத்துல வாரேன்னு சொன்னதை ரெண்டு வருசத்துல கொண்டாந்து வச்சாரு. மைதானமும் கிட்டத்தட்ட சமம், ஒரு கோலிக்குண்டை வச்சா யோசிச்சு யோசிச்சுத்தான் உருளும். அன்னைக்கு அவரு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கூடக் கழட்டாம, "இன்னும் ஒரு வருசம் ரெஜி. ஒரே ஒரு வருசம் விட்டாங்கன்னா நாலாவது"ன்னாரு. அந்த மனுசன் மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சத்தை நான் கல்யாணத்தன்னைக்குக் கூடப் பாக்கலை. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம், அந்த ஒரு வருசத்தை மட்டும் இந்த மனுசனுக்குக் குடுத்துருங்கன்னு மாதாகிட்ட போய் முட்டிபோட்டேன்.

அண்ணாச்சி மதுரையில இருந்து திரும்பி வந்தாரு. நெஞ்சைத் தச்சு, ஆளு மெலிஞ்சு, கொரலு மட்டும் மெலியாம. மைதானத்தைச் சுத்தி ஒரு நடை நடந்து பாத்தாரு. சமமாக் கெடந்த தரையைக் காலால தட்டித் தட்டிப் பாத்தாரு. பிறகு ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் மைதானத்துலயே ஊர்க்கூட்டம்னு மைக்கு கட்டிச் சொல்லச் சொன்னாரு.

ஊரே வந்துச்சு. நல்ல நாற்காலி, நாலு காலும் ஒழுங்கா இருக்க நாற்காலி, பந்தல்காரன் வேற ஊர்ல இருந்து கொண்டாந்து போட்டிருந்தான். பயலுவளுக்கு ஓட்டு கிடையாது, அதனால மதில்ல ஏறி உக்காந்திருந்தானுவ. நானும் அவரும் கோயில் பக்கத்து வாசப்படியில நின்னோம், எங்களை உக்காரச் சொல்லி ஒருத்தரும் கூப்பிடலை. அண்ணாச்சி நடு மைதானத்துல மேசைக்குப் பின்னால எந்திரிச்சாரு.

"கில்பர்ட் தம்பி மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும். முப்பது வருசத்துல நடக்காததை நடத்திக் காட்டியிருக்காரு. தரை சமமாயிருச்சு. இனி நமக்கும் கப்புக்கும் நடுவுல என்ன இருக்கு? ஒண்ணுமில்லை! ஆனா ஆறாவது எடம்னு சொல்லும்போது மனசு ஒப்பலையே, சாம்பியன் காலேஜ் இல்லையா நாம? இப்ப நமக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இவருதான் நாம தேடிக்கிட்டு இருந்த அந்தச் சாயாத கோச்சா, இல்லையா? அது தெரிஞ்சிட்டா நிம்மதி. அதனால இவரை அனுப்பிப் பாப்போம். சாயலைன்னா, இவருதான் ஆளு. அந்த நிமிசமே மாலை போட்டு, யானை மேல ஏத்தி, ஆயுசு பூரா நீங்கதான் கோச்னு கூட்டிக்கிட்டு வந்துருவோம்."

கைதட்டல்னா கைதட்டல், கோயில் மணி கூடக் கேக்கலை. நான் நடுவுல போய் நின்னேன். "யோவ், உங்களுக்கெல்லாம் மண்டையில இருக்கது மூளையா, உப்பா? சொன்ன எடத்துக்குச் சொன்னதுக்கு முன்னாடியே கொண்டாந்து வச்சிருக்காரு. ஒரு வருசம், ஒரே ஒரு வருசம் சும்மா இருக்க முடியாதா உங்களால? பெத்த பிள்ளையை, நெசமாவே நம்ம பிள்ளைதானான்னு பாக்கக் கடல்ல தூக்கிப் போட்டுப் பாப்பீங்களா?"ன்னு கத்துனேன். ஒருத்தனும் கோபப்படலை, அதான் எனக்கு இன்னும் எரியுது. எல்லாரும் என்னைப் பாத்துப் பிரியமாச் சிரிச்சாங்க. "கோச்சம்மா பயப்படாதீங்க, சாயாது"ன்னு ஒருத்தரு சொன்னாரு. "எங்களுக்கு நம்பிக்கை இருக்கு"ன்னு இன்னொருத்தரு சொன்னாரு. என் வீட்டுக்காரரு வந்து என் கையைப் பிடிச்சுப் படிக்குக் கூட்டிக்கிட்டுப் போனாரு. அவரு கை சில்லுன்னு இருந்துச்சு.

"அனுப்பிப் பாக்கலாங்கிறவங்க கை தூக்குங்க"ன்னாரு அண்ணாச்சி.

டிரைவிங் ஸ்கூல்காரன் தூக்குனான். பந்தல்காரன் தூக்குனான். தாளாளரு, பிரின்சிபாலு, புரொபசருங்க தூக்குனாங்க. மிக்கேலோட அப்பா ரெண்டு கையையும் தூக்குனாரு. வரிசை வரிசையா, காத்துல சோளத்தட்டை எந்திரிக்கிற மாதிரி கை எந்திரிச்சுக்கிட்டே வந்துச்சு. நான் செல்லக்கனி அக்காவை மட்டும் பாத்துக்கிட்டு நின்னேன். அவ என்னைப் பாத்து, கண்ணுல தண்ணியோட, சிரிச்சுக்கிட்டே கையைத் தூக்குனா.

"ஏ யக்கா! நீயுமா?"

"ஏட்டி, உம் புருசன் மேல சந்தேகம் இருந்தாத்தானே நான் தூக்கமாட்டேன்!"ன்னு அங்க இருந்து கத்துனா.

அவ சொல்லி வாயை மூடலை. வண்டி எல்லையைத் தாண்டுற வரைக்கும் கூட இந்தத் தடவை மைதானம் காத்திருக்கலை. எங்க காலடியில படி மட்டும் நின்னுச்சு, அதுக்கு முன்னால இருந்த தரை கிறீச்சுனு சாஞ்சுச்சு. ஒரு ஆள் உயரமா? கொறைஞ்ச சாய்வு அத்தனையும் ஒரே மூச்சுல திரும்பி ஏறி, அதுக்கு மேலயும் ஏறி, தென்னமர உசரத்துக்குப் போய் நின்னுச்சு, கடல் பக்கத்துக் கோடு கிணறு மாதிரி எறங்கிருச்சு. முதல்ல மேசை போச்சு. பொறவு மைக்கு, பொறவு நாற்காலி. அப்புறம் ஊரு. வரிசை கலையாம, உக்காந்த வாக்குலயே, புல்லுல வழுக்கிக்கிட்டே போனாங்க. ஒருத்தன் கூடக் கையைக் கீழ போடலை. பிடிச்சு நிக்கலாம்னு கூடத் தோணலை. தூக்குன கை தூக்குனபடி, வழுக்கி வழுக்கி, நம்ம கோலுக்குள்ளயே போய், வலையில, ஒருத்தன் மேல ஒருத்தனா, மடிவலையில விழுந்த மீனு மாதிரி குமிஞ்சாங்க.

பொறவு வலைக்கு அடியில இருந்து யாரோ, "இவரும் இல்ல போலயே"ன்னு சொன்னான். "ச்சே, நான் இவருதான்னு நெனச்சேன்"னு இன்னொருத்தன். "அடுத்து யாரைப் பாக்கலாம்? திருச்சியில ஒருத்தர் இருக்காராம்ல"ன்னு மூணாவதா ஒருத்தன், அதுவும் தலைகீழாக் கெடந்துக்கிட்டு.

நான் சிரிச்சிருப்பேன். மனசார, வயிறு குலுங்கச் சிரிச்சுட்டு, அப்படியே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்திருப்பேன். ஆனா என் பக்கத்துல நின்ன மனுசன் செருப்பைக் கழட்டிட்டு எறங்கத் தொடங்குனாரு. குதிகாலை மண்ணுல ஊணி, மூச்சு வாங்கி, பக்கவாட்டுல நடந்து. மதில்ல இருந்த பயலுவளும் குதிச்சானுவ. அந்தத் தரையில ஏறி எறங்க அந்த ஊர்ல பழகுனது அவனுவ மட்டும்தான். வலையைப் பிரிச்சு, ஒருத்தர் ஒருத்தராத் தூக்கி, தோள்ல கை போட வச்சு, மேல ஏத்திக் கொண்டாந்தாங்க. செல்லக்கனி அக்காவை மிக்கேல் முதுகுல சுமந்துக்கிட்டு வந்தான். அவ என் மூஞ்சியைப் பாக்கலை. நானும் அவ மூஞ்சியைப் பாக்கலை.

கொர்னேலி அண்ணாச்சியை என் வீட்டுக்காரரே கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்தாரு, நெஞ்சு தச்ச மனுசன்னு பாத்துப் பாத்து, இடையில இடையில நிறுத்தி. படிக்கு வந்ததும் அண்ணாச்சி வேட்டியில இருந்த புல்லைத் தட்டி விட்டுக்கிட்டாரு.

"தம்பி, நீங்களும் இல்லைன்னு ஆயிருச்சு. மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க. உங்களைக் குத்தம் சொல்லலை, எங்க நேரம் அப்படி." கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "அடுத்த ஆளு வர ஒரு மாசம் ஆகும். அதுவரைக்கும் பயலுவளைச் சும்மா விட்டுறாதீங்க. காலையில பிராக்டிஸ் மட்டும் குடுத்துட்டுப் போங்க"ன்னாரு.

நான் என் வீட்டுக்காரரைப் பாத்தேன். ஒரு வார்த்தை சொல்லுங்க. போடாங்கன்னு ஒரு வார்த்தை. ரெண்டு வருசத்துக்கும் சேத்து, இருபது வருச ஆசைக்கும் சேத்து, மரியாதை இல்லாம ஒரே ஒரு வார்த்தை.

அவரு திரும்பி மைதானத்தைப் பாத்தாரு, தென்னமர உசரம். பயலுவளைப் பாத்தாரு. மண்ணு அப்பி, இரைச்சு இரைச்சு மூச்சு வாங்கிக்கிட்டு நின்ன மிக்கேலைப் பாத்து, "இதுல ஏறணும்னா இன்னும் கொஞ்சம் சீக்கிரம் வரணும்ல. அஞ்சரைக்கு வந்துருங்க"ன்னாரு.

சீ! அந்த ஊரு மேல எனக்கு இருந்த அத்தனை அருவருப்பும் அந்த நிமிசம் என் புருசன் மேல திரும்பிருச்சு. மானம் இருக்காய்யா உமக்குன்னு அத்தனை பேருக்கு முன்னாடியும் கேட்டேன். அவரு செருப்பைத் தேடிக்கிட்டு இருந்தாரு. நான் ஒத்தையில வீட்டுக்கு நடந்தேன், வழியெல்லாம் வாய்விட்டுத் திட்டிக்கிட்டே நடந்தேன், பெட்டியை இழுத்துக் கட்டிலுக்கு மேல போட்டேன், என் சேலை நாலையும் அதுல திணிச்சேன், மூடி பூட்டியும் போட்டேன். பொறவு அதுக்குப் பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் அழுதுட்டு, எந்திரிச்சுப் போய் அஞ்சு மணிக்கு அலாரம் வச்சேன்.